வீட்டில் இருந்ததாகக் கணக்கு

கொரோனாக் காலத்தில் வேலையாட்களை வீட்டில் இருக்க விட்டுச் சம்பளத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே கொடுத்த பிரிட்டனின் ஃபர்லோ திட்டத்தில் பிழையாகவும் களவாகவும் போன காசு ஏறத்தாழ 350 கோடி பவுண் என்று வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி. மதிப்பிட்டது. திட்டத்துக்கு மொத்தமாகச் செலவானது கிட்டத்தட்ட 7,000 கோடி. அதாவது நூற்றுக்கு ஐந்து. பத்திரிகைகளில் இந்தத் தொகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு சின்னத் தொகைதான் ஞாபகத்துக்கு வரும்: மாதம் 373 பவுண். அது அரசாங்கத்தின் நட்டம் இல்லை என்பதால் அந்த 350 கோடிக்குள் அது வராது.

நான் லண்டனில் ஒரு சின்னக் கணக்காளர் அலுவலகத்தில் பே-ரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்க்கிறேன். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கட ஆக்கள். ஓஃப்-லைசென்ஸ் (மதுவகை விற்கும் கடை), பெட்ரோல் ஸ்டேஷன், டேக்-அவே, சாப்பாட்டுக் கடை, பலசரக்குக் கடை என்று வைத்திருப்பவர்கள். கடைக்கு மூன்று பேர், நான்கு பேர் வேலைக்கு நிற்பார்கள். ஃபர்லோ நடந்த ஒன்றரை வருஷமும் இந்தக் கடைகளின் கோரிக்கைகள் எங்கள் மேசை வழியாகத்தான் போயின. அதனால் பத்திரிகைக்காரர் எழுதும் ஃபர்லோ மோசடியும் நான் பார்த்த ஃபர்லோ மோசடியும் எனக்கு ஒன்றாகத் தெரிவதில்லை.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் நிதியமைச்சர் ரிஷி சுனக் திட்டத்தை அறிவித்தார். ஆட்களை வேலையால் நிற்பாட்டாதீர்கள், வீட்டில் இருக்க விடுங்கள், சம்பளத்தில் 80 வீதத்தை மாதம் 2,500 பவுண் வரை நாங்கள் தருகிறோம் என்றார். ஏப்ரல் 20ஆம் திகதி இணையவாசல் திறந்தது. கோரிக்கை போட்டு ஆறு வேலைநாளில் காசு வங்கிக்கு வந்தது. அரசாங்க அலுவலகம் ஒன்று இவ்வளவு கெதியாக வேலை செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. 2021 செப்டம்பர் 30இல் திட்டம் முடியும்போது 13 லட்சம் முதலாளிமாரும் 1 கோடி 17 லட்சம் வேலைகளும் இதன் கீழ் வந்திருந்தன.

அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது, அரசாங்கத்துக்கு அது நன்றாகவே தெரியும். முதலில் கொடு, பிறகு பார் என்பதுதான் கொள்கை. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒவ்வொரு கோரிக்கையையும் பிரித்துப் பார்த்துக் கொடுத்திருந்தால் ஏப்ரல் மாதச் சம்பளம் ஓகஸ்ட்டில்தான் வந்திருக்கும். அதற்குள் பாதிக் கடைகளில் ஆட்களை நிற்பாட்டியிருப்பார்கள்.

வாசலில் ஒரே ஒரு பூட்டு மட்டும் போட்டிருந்தார்கள், அது நல்ல பூட்டு. இங்கே சம்பளம் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று எச்.எம்.ஆர்.சி.க்கு அன்றன்றே மின்வழியில் அறிவிக்க வேண்டும். இதை ஆர்.டி.ஐ. என்போம். பிப்ரவரி 28க்கு முன் அந்த அறிவிப்பில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும்தான் ஃபர்லோ என்று முதலில் சொன்னார்கள். ஏப்ரல் நடுவில் அதை மார்ச் 19 வரை நீட்டினார்கள். மார்ச் 19 என்பது அறிவிப்புக்கு முதல்நாள். அறிவிப்பைக் கேட்டுவிட்டு யாரும் மனைவியின் தம்பியையும் ஊரில் இருக்கும் மாமாவையும் பே-ரோலில் ஏற்ற முடியாது.

ஏற்றக் கேட்டவர்கள் இருந்தார்கள். அதைவிடக் கூடுதலாக வந்த கேள்வி வேறு.

"தம்பி, போன மாசப் பேஸ்லிப்பை ஒருக்கா மாத்தேலாதா?"

"ஏன் அண்ணை?"

"பெடியன் நாப்பத்தஞ்சு மணித்தியாலம் செய்யிறவன். நாங்கள் பதினாறு தானே காட்டினது."

இதை விளக்கினால்தான் விளங்கும். பல சின்னக் கடைகளில் வாரத்துக்கு 16 மணித்தியாலம் பேஸ்லிப்பில், அதாவது சம்பளச் சீட்டில், வரும், மிச்சம் கையில் காசாக வரும். கடைக்காரருக்கு வரி மிச்சம், வேலையாளுக்கும் ஏதோ ஒரு உதவிப்பணம் வெட்டுப்படாது, இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். 2020 மார்ச் வரை இது யாரையும் உறுத்தவில்லை. அப்போது குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 8.21 பவுண். 16 மணித்தியாலத்துக்கு மாதம் 569 பவுண் வரும். அதில் 80 வீதம் 455. வாரம் 45 மணித்தியாலம் அடுப்படியில் நின்ற ஒருவர், மாதம் 455 பவுணோடு லண்டனில் அறை வாடகை கொடுத்து ஊருக்கும் காசு அனுப்ப வேண்டும். கடைக்காரருக்குப் பரிதாபம் வந்தது உண்மை. அந்தப் பரிதாபத்தில்தான் என்னைப் பேஸ்லிப்பை மாற்றச் சொன்னார். ஆனால் அனுப்பிய ஆர்.டி.ஐ. அனுப்பியதுதான். பல வருஷம் குறைத்துக் காட்டியதன் கணக்கு அந்த ஏப்ரலில் வேலையாளின் தலையில் போய் விழுந்தது.

அதே பூட்டு நேர்மையானவர்களையும் வெளியே நிறுத்தியது. ஒரு ஃபர்னிச்சர் நிறுவனத்தின் வழக்கு 2022இல் வரித் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஊழியர்கள் உண்மையான ஊழியர்கள்தான். ஆனால் அவர்களுக்கான ஆர்.டி.ஐ. மார்ச் 19க்குப் பிறகு போயிருந்தது. நிறுவனம் தோற்றது. வருஷத்துக்கு ஒரு தடவை, மார்ச் கடைசியில் மட்டும் தங்களுக்குச் சம்பளம் எழுதிக்கொள்ளும் ஒற்றை டைரக்டர் கம்பெனிகள் பலவும் இப்படித்தான் விடுபட்டன. மாதாமாதம் எழுதியவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. வரிக்காக மாதம் 719 பவுண் சம்பளமும் மிச்சத்தை டிவிடெண்டாகவும் (கம்பெனி இலாபத்தில் பங்காகவும்) எடுப்பது அப்போது இங்கே வழக்கம். டிவிடெண்டுக்கு ஃபர்லோ கிடையாது. 719இல் 80 வீதம் 575. அந்த 575ஐ எடுத்தால் சட்டப்படி பதிய வேண்டிய கணக்கு வழக்குகளைத் தவிர கடைக்கு வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. சொந்தக் கடைக்குச் சாமான் ஓர்டர் பண்ணாத முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பிழைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், 'பிழையும் களவும்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள் என்பதற்காக. முதல் நாலு மாதம் சம்பளத்துக்கு மேல் முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தேசியக் காப்புறுதியையும் பென்ஷன் பங்கையும்கூடக் கோரலாம். ஆனால் சின்னக் கம்பெனிகளுக்கு அந்த வருஷம் 4,000 பவுண் வரை தேசியக் காப்புறுதிக் கழிவு ஏற்கனவே இருந்தது. அந்தக் கழிவுக்குள் அடங்கிவிட்டால் கம்பெனி ஒரு சதமும் கட்டியிருக்காது. கட்டாத காசைக் கோர முடியாதுதானே? மென்பொருள் அந்தத் தொகையைக் கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். பார்த்தவர்கள் அதை அப்படியே தட்டிவிட்டார்கள். மாதம் ஐம்பது, அறுபது பவுண் வரும். பென்ஷனில் குறைந்தபட்சம் 3 வீதம் மட்டும்தான் தருவார்கள், அதுவும் 520 பவுணுக்கு மேலுள்ள பகுதிக்கு. வாரத்துக்கு வாரம் மணித்தியாலம் மாறுகிறவர்களுக்குப் போன வருஷம் அதே மாதச் சம்பளம், முழு வருஷச் சராசரி என இரண்டையும் போட்டுப் பார்த்து எது கூடவோ அதை எடுக்க வேண்டும். ஜூலையிலிருந்து பாதி நாள் வேலை, பாதி நாள் ஃபர்லோ என்று வந்தபோது நாட்கணக்கும் மணிக்கணக்கும் சேர்ந்துகொண்டன. செப்டம்பரில் 70 வீதம், அக்டோபரில் 60, நவம்பரில் திரும்பவும் 80. விதிகளைச் சொல்லும் பக்கம் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்தது. இதில் தவறு வராமல் இருந்தால்தான் அதிசயம். கூட எடுத்ததை 2020 அக்டோபர் 20க்குள் சொல்லித் திருப்பிக் கட்டினால் தண்டம் இல்லை என்று ஒரு தவணையும் கொடுத்தார்கள். தெரிந்தே மறைத்தால் எடுத்த தொகைக்குச் சமமான தண்டம் வரை போகலாம்.

இனிக் களவு. 2020 ஜூலையில் சோலிஹல் பக்கம் 57 வயதுக்காரர் ஒருவரை 4,95,000 பவுண் ஃபர்லோ மோசடிச் சந்தேகத்தில் பிடித்தார்கள். அதுதான் முதல் கைது என்பதால் பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. அப்படிப்பட்ட செய்திகளைப் படித்தால் இல்லாத கம்பெனி, இல்லாத ஊழியர் என்றுதான் மனதில் படம் ஓடும். மார்ச் 19 பூட்டால் அது லேசான வேலை இல்லை. லேசான வேலை வேறு ஒன்று. அதற்குப் பொய்ப் பத்திரம் வேண்டாம், இல்லாத ஆள் வேண்டாம், கணக்காளர்கூட வேண்டாம். உண்மையான ஆளை ஃபர்லோவில் போட்டுவிட்டு, நாளைக்கு வழமைபோல வா என்று சொன்னால் போதும்.

தேசியத் தணிக்கை அலுவலகம் 2020 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கருத்துக்கணிப்பு இருந்தது. ஃபர்லோவில் இருந்தவர்களில் நூற்றுக்கு 9 பேர், முதலாளி கேட்டதால் பொதுமுடக்கக் காலத்தில் வேலை செய்தோம் என்று ஒத்துக்கொண்டார்கள். இது தாங்களாக ஒத்துக்கொண்டவர்களின் கணக்கு.

எங்கட கடைகளில் இதற்கு ஒரு தனி வசதி இருந்தது. சாப்பாட்டுக் கடைகள் மார்ச் 20 இரவோடு மேசைகளை மூடின, ஆனால் பார்சல் கொடுக்கலாம். முன்பக்கம் இருட்டாக இருக்கும், பின்னால் அடுப்பு எரியும். ஓஃப்-லைசென்ஸ்களை அத்தியாவசியக் கடைகளில் சேர்த்துவிட்டார்கள். பப் எல்லாம் பூட்டிய ஊரில் அவற்றுக்கு வியாபாரம் கூடியதே தவிரக் குறையவில்லை. விற்பனை விழுந்திருக்கிறதா என்று ஃபர்லோ விண்ணப்பத்தில் யாரும் கேட்கவில்லை. ஆக, கூட்டம் அலைமோதும் கடையும் ஆளை ஃபர்லோவில் காட்டலாம்.

"ஆளை ஃபர்லோவில போட்டுட்டன் தம்பி. ஆனா கடைக்கு ஆள் வேணும்தானே. பின்னால நிண்டு சமைக்கிறான், ஒருத்தருக்கும் தெரியாது."

"அண்ணை, அப்ப ஃபர்லோ எடுக்கேலாது."

"உதை ஆர் வந்து பாக்கப் போறான்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது: அநேகமாக ஒருவரும் வர மாட்டார்கள். அதற்காக அந்தக் கோரிக்கையை நாங்கள் போட முடியாது. அவருக்குக் கோபம் வந்தது. "அப்ப நானே போடுறன்" என்றார். அரசாங்க வாசலில் முதலாளி தானே உள்நுழைந்து போடலாம், ஐந்து நிமிஷ வேலை.

இன்னும் கெட்டிக்காரத்தனமான வழியும் உண்டு. இரண்டு கடை, இரண்டு கம்பெனி. ஒன்றில் ஃபர்லோ, மற்றதில் வேலை. இங்கே விதி கொஞ்சம் நுணுக்கமானது. ஃபர்லோவில் இருக்கும் ஒருவர் சம்பந்தமே இல்லாத வேறொரு முதலாளியிடம் வேலை செய்யலாம், அது முழுக்கச் சட்டப்படி சரி. பகலில் ஃபர்லோ எடுத்த சிலர் இரவில் சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்கினார்கள், அயலார் அதைக் களவென்று நினைத்து முறைப்பாடும் செய்தார்கள். ஆனால் அதே முதலாளியின் மற்றக் கம்பெனியில், அல்லது அதோடு தொடர்புள்ள கம்பெனியில் வேலை செய்யக்கூடாது. பெட்ரோல் ஸ்டேஷன் அண்ணனின் பேரிலும் ஓஃப்-லைசென்ஸ் தம்பியின் பேரிலும் இருந்து, ஒரே வான் வண்டியில் இரண்டுக்கும் சாமான் இறங்கினால் அது தொடர்புள்ளதா இல்லையா என்று கேட்டுக்கொண்டு நிறையப் பேர் வந்தார்கள். கேட்கிற விதத்திலேயே பதில் தெரிந்திருந்தது.

இப்போது அந்த 373. ஒரு சமையற்காரர், வாரம் 40 மணித்தியாலம், முழுவதும் பேஸ்லிப்பில். (அப்படியும் கடைகள் உண்டு, சொல்ல வேண்டும்.) 2020 பிப்ரவரியில் மணிக்கு 8.21 பவுண்படி மாதம் 1,423 பவுண். ஃபர்லோ 80 வீதம், 1,138. ஏப்ரல் 1இலிருந்து 25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சட்டப்படியான சம்பளம் 8.72 ஆகிவிட்டது. வேலை செய்யாமல் வீட்டில் இருந்தால் இந்த உயர்வு ஃபர்லோவுக்குச் சேராது, பழைய சம்பளத்தின் 80 வீதம்தான். அதில் பிழை இல்லை. ஆனால் அவர் வீட்டில் இல்லையே. மே மாதம் முழுக்க நின்று சமைத்தார். சட்டப்படி அவருக்கு வர வேண்டியது 1,511. கையில் வந்தது 1,138. மணிக்கு 6 பவுண் 57 பென்ஸ். வித்தியாசம் 373.

அரசாங்கம் 1,138ஐ இழந்தது, அது 350 கோடிக்குள் சேரும். சமையற்காரர் 373ஐ இழந்தார். கடைக்காரர் ஒரு மாதத்துச் சமையலை ஒரு பென்னிகூடச் செலவில்லாமல் வாங்கினார். களவுக்குத் துணைபோனவர் போல வெளியில் தெரிபவர் உண்மையில் அந்தக் களவில் காசு பறிகொடுத்தவர். எச்.எம்.ஆர்.சி. எத்தனையோ தடவை எண்ணித் திருத்தியது. தலைமை அதிகாரி ஜிம் ஹாரா 2020 செப்டம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் 5இலிருந்து 10 வீதம், உச்சமாக 350 கோடி என்றார். (அப்போது செலவு மொத்தத்தில் பாதிதான், கடைசியில் வந்த எண்ணும் அதுவாகவே அமைந்தது தற்செயல்.) பிறகு முதல் வருஷத்துக்கு மட்டும் 530 கோடி என்றார்கள், பிறகு இறக்கினார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் அவர்கள் எண்ணியது கருவூலத்திலிருந்து போன காசைத்தான்.

அந்தச் சமையற்காரர் ஏன் வாயைத் திறக்கவில்லை? முறைப்பாடு செய்ய வழி இருந்தது. 2020 செப்டம்பருக்குள் 8,000 அழைப்புகள் வரை வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் எங்கட கடைகளில் முதலாளி என்பவர் வெறும் முதலாளி இல்லை. வந்திறங்கிய அன்று ஹீத்ரோவில் வந்து ஏற்றியவர். அறை எடுத்துக் கொடுத்தவர். அநேகமாக மச்சானோ, மச்சானின் ஊர்க்காரரோ. அவரைக் காட்டிக் கொடுத்தவன் என்று பேர் வந்தால் இந்த ஊரில் அடுத்த கடை வேலைகூடக் கிடையாது. இதோடு விசாப் பயம். ஃபர்லோக் காசை, விசாவில் உள்ளவர்கள் எடுக்கக்கூடாத 'பொதுநிதி' என்று குடிவரவுச் சட்டத்தில் கணக்கெடுக்க மாட்டோம் என்று அரசாங்கம் தெளிவாகவே சொல்லியிருந்தது. அது பலருக்குப் போய்ச் சேரவில்லை. "உன்ர பேரில அரசாங்கக் காசு எடுத்திருக்கு, வெளியில தெரிஞ்சா உனக்குத்தான் விசாப் பிரச்சினை" என்று முதலாளி சொன்னதாக ஒருவர் என்னிடம் சொன்னார். இரண்டாவது பாதி முழுப் பொய். முதல் பாதிதான் அவரை அடக்கியது.

தன் பேரில் எடுத்த விஷயமே தெரியாதவர்களும் இருந்தார்கள். 2020 டிசம்பர் மாதக் கோரிக்கைகளிலிருந்து, யார் யார் ஃபர்லோ எடுக்கிறார்கள் என்று கம்பெனிப் பெயர்களை எச்.எம்.ஆர்.சி. வெளியிடத் தொடங்கியது. தன் பேரில் கோரப்பட்டதா என்று ஊழியரும் தன் வரிக்கணக்கில் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒன்பது மாதம் பிந்தி வந்தது. அந்தப் பெயர்ப் பட்டியலை எங்கட ஆக்கள் வேலையாளின் நன்மைக்காகத் தேடிப் படித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். யாருடைய கடை எவ்வளவு எடுத்தது என்பது கலியாண வீட்டில் பேச நல்ல விஷயம்.

2021 வரவுசெலவில் 10 கோடி பவுண் செலவில் 1,250 பேருக்கு மேற்பட்ட ஒரு விசாரணைப் படையை அமைத்தார்கள். 2022 ஜனவரியில், தொலைந்ததில் கால்வாசிதான் திரும்பக் கிடைக்கும் போலிருக்கிறது என்ற கணக்கு வெளியே வந்து சத்தம் எழும்பியது. அதே மாதம் 24ஆம் திகதி, மோசடித் தடுப்புக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் லோர்ட் ஆக்னியூ பிரபுக்கள் சபையில் எழுந்து நின்று அங்கேயே பதவி விலகினார். அவருடைய கோபம் முக்கியமாகக் கொரோனாக் கால வங்கிக் கடன்கள் பற்றியது. சத்தம் எழும்பிய மாதிரியே அடங்கியும்விட்டது. எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எச்.எம்.ஆர்.சி.யிடமிருந்து வந்த கடிதங்கள் கட்டாத காப்புறுதியைக் கோரியது, சராசரியைப் பிழையாகப் போட்டது போன்ற தவறுகளைப் பற்றியவை. அவற்றைத் திரையில் இருந்தபடியே பிடிக்கலாம். ஆர்.டி.ஐ. ஒரு பக்கம், கோரிக்கை ஒரு பக்கம், வித்தியாசம் தானாகத் தெரியும். பின்கதவால் வேலைக்கு வந்தவர் எந்தத் திரையிலும் தெரிய மாட்டார். ஊழியர் எல்லாரும் ஃபர்லோவில் இருக்கும் காலாண்டில் வாட் (விற்பனை வரி) கணக்கில் காட்டிய விற்பனை ஏறியிருந்தால் சந்தேகப்படலாம். குடும்பமாக நின்று பார்த்தோம் என்று கடைக்காரர் சொன்னால் அதை மறுக்க ஒருவர் வந்து பேச வேண்டும்.

தெரிந்தே செய்த மோசடி என்று நிறுவினால் எச்.எம்.ஆர்.சி. 20 வருஷம் வரை பின்னால் போய்ப் பிடிக்கலாம். வேலை செய்தவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. வேலைத் தீர்ப்பாயத்துக்கு மூன்று மாதத்துக்குள் போயிருக்க வேண்டும், அது எப்போதோ முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பவை கவுண்டி கோர்ட் என்ற சிவில் நீதிமன்றமும் எச்.எம்.ஆர்.சி.யிடம் செய்யும் குறைந்தபட்சச் சம்பள முறைப்பாடும். இரண்டும் ஆறு வருஷம் வரைதான் பின்னோக்கிப் பார்க்கும். 2020 மே மாதச் சம்பளத்துக்கு அது 2026 மேயோடு சரி. வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் அமைப்பின் உதவித் தொலைபேசியில் இதைக் கேட்கலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. முறைப்பாடு செய்தவரின் பெயரை முதலாளிக்குச் சொல்ல மாட்டார்கள், ஆனால் நாலு பேர் வேலை செய்யும் கடையில் பெயரைச் சொல்லவே தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். எதற்கும், அந்தக் காலத்துப் பேஸ்லிப்புகளையும் வட்சப்பில் வந்த ரோஸ்டர் (வேலை நேர அட்டவணை) படங்களையும் அழித்துவிடாதீர்கள். திட்டத்தின் கடைசி மாதமான 2021 செப்டம்பருக்கு 2027 செப்டம்பர் வரை கேட்கலாம்.